சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் ஃப்ளோரைட் படிகம் கிடைக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பழைய சுரங்கங்களில் எடுத்த ஊதா, பச்சை ஃப்ளோரைட் படிகங்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து நானும் சேகரிக்க வேண்டும் என்று ஆசை. ஏற்காடு அடிவாரத்தில் அத்தனை பழைய வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றனவே, அங்கே தேடினால் கிடைக்குமா? எப்படித் தேடுவது, என்ன கருவி வேண்டும்?"

வெள்ளைக்கல் சுரங்கங்களில் கிடைக்காது. கருப்பூர், செட்டிச்சாவடி, மாமாங்கம் பக்கம் எத்தனை மேட்டைக் கிளறினாலும் கிடைக்காது. ஆனால் ஃப்ளோரைட் சேகரிக்க சேலத்தில் இருந்துகொண்டே நல்ல வழி இருக்கிறது. நான் நிலவியல் படித்து குவாரிகளில் வேலை பார்த்தவன், கல் சேர்ப்பவனும்கூட. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஏன் கிடைக்காது என்பதைப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் எந்தக் கல்லை எங்கே தேடுவது என்பதில் பாதி புரிந்த மாதிரி.

ஃப்ளோரைட் என்பது கால்சியமும் ஃப்ளோரினும் சேர்ந்த கனிமம். அது வளர இந்த இரண்டும் வேண்டும். கூடவே இவற்றைச் சுமந்து வரும் வெந்நீர் வேண்டும், அந்த வெந்நீர் வந்து தங்கி மெதுவாக ஆற பாறைக்குள் விரிசலோ பொந்தோ வேண்டும். நம்ம வெள்ளைக்கல் மேடுகளின் அடிப்பாறை டூனைட். கிட்டத்தட்ட முழுக்க ஆலிவின் என்ற மக்னீசியக் கனிமத்தால் ஆனது. அதில் கால்சியமும் குறைவு, ஃப்ளோரினும் குறைவு. கரியமில வாயு கலந்த தண்ணீர் அந்தப் பாறையின் விரிசல்களில் ஊறி ஆலிவினைச் சிதைத்ததால் உண்டானதுதான் மேக்னசைட், அதாவது நம்ம வெள்ளைக்கல். அதனால்தான் சுரங்கத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்புகள் வலைபோல் ஓடுகின்றன. அந்த மேக்னசைட்டிலேயே கண்ணுக்குத் தெரிகிற படிகம் கிடையாது. உடைத்தால் பீங்கான் மாதிரி வழவழப்பாக உடையும். படிகங்கள் அவ்வளவு பொடியானவை. படிகம் நிதானமாக வளர்கிற சூழலே அங்கே இருக்கவில்லை.

சரி, சேர்வராயன் மலைமேல் போய்ப் பார்க்கலாமா என்றால், அங்கேயும் அதே பதில்தான். ஏற்காடு நிற்பது சார்னோகைட் பாறையின் மேல். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவான பாறை அது. அந்த வெப்பத்தில் பாறைக்குள் இருந்த ஈரமெல்லாம் போய்விடும். நிலவியலில் இதை வறண்ட பாறை என்றே சொல்வோம். வெந்நீர் இல்லாத இடத்தில் ஃப்ளோரைட்டை எப்படி எதிர்பார்ப்பது? மலையுச்சியில் வெட்டியெடுத்த பாக்சைட், அதே சார்னோகைட் மழையிலும் வெயிலிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மக்கியதால் வந்த செம்மண் கல். அதிலும் படிகம் இல்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. சேலம், தருமபுரி பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதே, அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது, அப்படியென்றால் பூமிக்குள் ஃப்ளோரைட் இருக்கத்தானே வேண்டும்? அப்படி இல்லை. கிரானைட்டிலும் நைஸ் பாறையிலும் இருக்கிற கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்டு, அபடைட் ஆகிய கனிமங்களில் ஃப்ளோரின் துளித்துளியாக ஒளிந்திருக்கும். வறண்ட பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக்கிடக்கும்போது அது கரைந்து வருகிறது. பல்லைக் காவியாக்க ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் போதும். கையளவு படிகம் வளர வேண்டுமென்றால் அதே ஃப்ளோரின் ஒரே இடத்தில் வந்து குவிய வேண்டும். இரண்டும் வேறு வேறு சங்கதி.

நம்ம பக்கத்தில் ஃப்ளோரைட்டைப் பற்றி ஒரு நிலவியலாளர் யோசிக்கவாவது செய்யக்கூடிய பாறை கார்பனடைட். எரிமலைக் குழம்புபோல் பொங்கி வந்த சுண்ணாம்புப் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டத்தில் பக்கநாடு, அப்படியே வடக்கே போனால் சாமல்பட்டி, திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூர் என்று ஒரு வரிசையாகவே இந்தப் பாறை இருக்கிறது. ஆனால் சேவாத்தூர் பெயர் வாங்கியது அபடைட்டுக்கும் வெர்மிகுலைட்டுக்கும்தான். கார்பனடைட் இருக்கிற இடமெல்லாம் ஃப்ளோரைட் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பாறையில் ஃப்ளோரைட் உண்மையிலேயே குவிந்து கிடக்கும் இடம் குஜராத்தில் இருக்கிறது. சோட்டா உதேபூர் மாவட்டத்தில் அம்பாடோங்கர். வட்டமாக ஒரு மலை, வளையம் வளையமாகக் கார்பனடைட். சுமார் 1 கோடியே 16 லட்சம் டன் தாது, அதில் சராசரியாக 30 சதவீதம் ஃப்ளோரைட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே பாறைப் பொந்துகளில் ஊதாவும் நிறமற்றதுமாகக் கனசதுரப் படிகங்கள் வரும். அப்புறம் மகாராஷ்டிராவில், நாசிக் பக்கம் சின்னர் அருகே மஹோதரி குவாரி. அங்கே கிடைத்தது முற்றிலும் வேறு உருவம். கருங்கல்லின் பொந்துக்குள் பொடிப்பொடி குவார்ட்ஸ் படிந்திருக்க, அதன்மேல் தேன் நிறத்தில் அரைக்கோளமாகத் திரண்டு நிற்கும் ஃப்ளோரைட். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது. இந்தியாவில் சேகரிப்பைத் தொடங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த இரண்டு ஊர்களும்தான் என்பது என் கருத்து.

நீங்கள் படத்தில் பார்த்த படிகங்களெல்லாம் ஏன் பழைய சுரங்கங்களிலிருந்தே வருகின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வடக்கு இங்கிலாந்தின் வியர்டேல் பள்ளத்தாக்கில் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஈயத்துக்காகத்தான் தோண்டினார்கள். ஈயத்தாதுவோடு சேர்ந்து வந்த ஃப்ளோரைட் அவர்களுக்கு வேண்டாத கல். வெளியே கொட்டினார்கள், இல்லாவிட்டால் எடுத்து முடித்த பள்ளத்தை அதை வைத்தே அடைத்தார்கள். சுரங்கத் தொழிலாளிகள் சிலர் அழகான துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், கண்ணாடி வைத்த மரப்பெட்டிக்குள் குட்டிக் குகை மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டிகள் இன்றைக்கு மியூசியத்தில் இருக்கின்றன. அதே பள்ளத்தாக்கில் ரோஜர்லி என்ற சுரங்கத்தை 1999 முதல் படிகத்துக்காக மட்டுமே வெட்டினார்கள். அந்தக் கல் வீட்டுக்குள் விளக்கொளியில் பச்சை, வாசலில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் நீலமும் ஊதாவும் கலந்து ஒளிரும். வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரே அதைத் தூண்டிவிடப் போதும். பொருள்கள் இப்படி ஒளிர்வதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் ஃப்ளோரசன்ஸ் என்ற பெயரையே 1852இல் விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இந்தக் கனிமத்தின் பெயரிலிருந்துதான் எடுத்தார்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கதை வேறு. அங்கே ஃப்ளோரைட்தான் தாது. இரும்பு உருக்கும் உலையில் கசடை இளக்கிவிடுவதற்கும், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தயாரிப்பதற்கும் டன் டன்னாக வெட்டினார்கள். கேவ்-இன்-ராக் என்ற ஊரைச் சுற்றியிருந்த சுரங்கங்களில் மஞ்சள் கனசதுரத்துக்குள் ஊதாப் பட்டைகள் ஓடும் படிகங்கள் வந்தன. 1995 வாக்கில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. ஆக, இனி அந்தச் சுரங்கங்களின் கல் புதிதாக வரப்போவதில்லை. ஏற்கெனவே வெளியே வந்தவை கைமாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இப்போது சந்தைக்குப் புதிதாக வருவதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து. ஹுனான் மாகாணத்தின் யாவ்காங்ஷியான் டங்ஸ்டன் சுரங்கமும் ஷியாங்ஹுவாலிங் தகரச் சுரங்கமும் நன்கு அறியப்பட்டவை.

இதிலிருந்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. ஃப்ளோரைட்டின் உருவமும் நிறமும் ஒளிர்வும், அதனோடு சேர்ந்து வரும் கனிமங்களும் அது வளர்ந்த ஊரைப் பொறுத்தவை. ரோஜர்லி பச்சையைப் பார்த்து மஹோதரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு படிகத்தோடு அது எந்த நாடு, எந்த மாவட்டம், எந்தச் சுரங்கம் என்ற சீட்டு இல்லையென்றால் அது மேசையில் வைக்கும் அலங்காரப் பொருள். சீட்டு இருந்தால்தான் சேகரிப்பு. சுரங்கம் மூடிய பிறகு, தண்ணீர் நிரம்பிய பிறகு, அந்த இடத்தைப் பற்றிய சாட்சியாக மிஞ்சுவது வெளியே வந்த கற்களும் அவற்றின் சீட்டுகளும் மட்டுமே. பழைய சேகரிப்பாளரின் கையெழுத்தில் ஒரு சீட்டு கல்லோடு வந்தால் அதை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சீட்டை அதன் கூடவே வையுங்கள்.

இனி, படிகத்தை எப்படி எடுக்கிறார்கள் என்பது. நீங்கள் கேட்ட கருவிகள் பற்றிய பதிலும் இதில்தான் வருகிறது.

ஃப்ளோரைட் மென்மையான கல். கடினத்தன்மை அளவில் 4. கண்ணாடி ஐந்தரை, குவார்ட்ஸ் 7. அதைவிடப் பெரிய தொல்லை அதன் பிளவு. நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும். கனசதுரத்தின் எட்டு மூலைகளில் எந்த மூலையில் அடி பட்டாலும் அங்கே பளபளப்பான ஒரு முக்கோணம் தெறித்து விழும். ஒரு படிகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது மூலைகளைத்தான். விளக்குக்குக் கீழே மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். முகங்களில் மெல்லிய படிக்கட்டுகள், சதுரத்துக்குள் சதுரமாக வளர்ந்த தடங்கள் தெரியும், அவை இயற்கை. மூலையில் சட்டென்று ஒரு பளிச் முக்கோணம் மின்னி மறைந்தால் அது உடைசல். உள்ளே வானவில் நிறம் காட்டும் தட்டையான ஒரு கோடு தெரிந்தால், பிளவு உள்ளுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கல் ஒருநாள் இரண்டாகும்.

இப்படிப்பட்ட கல்லின் மேல் நேரடியாகச் சுத்தியால் தட்டி எடுக்கவே முடியாது. பொந்து பெரும்பாலும் களிமண்ணால் நிரம்பியிருக்கும். அந்தக் களிமண்தான் படிகத்தை அத்தனை காலம் காப்பாற்றியது. அனுபவம் உள்ளவர்கள் அதை மூங்கில் குச்சியாலும் விரலாலும் வழித்தெடுப்பார்கள், இரும்பை உள்ளே விட மாட்டார்கள். முதலில் பொந்துக்குள் கழன்று விழுந்து கிடக்கும் துண்டுகளை எடுப்பார்கள். சுவரில் ஒட்டியிருப்பதைப் பெயர்க்க, படிகத்தை விட்டு ஒரு சாண் தள்ளி, பின்னால் இருக்கும் தாய்ப்பாறையில் உளி வைத்து, பாறையோடு சேர்த்துக் கழற்றுவார்கள். படிகம் தாய்ப்பாறையின் மேல் உட்கார்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. தனியாகப் பெயர்த்தது பாதி இழந்தது. எடுத்ததை அங்கேயே கழுவக் கூடாது. களிமண்ணோடு நாளிதழில் சுற்றி, பெட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, வெளியே எழுதி வைத்து, வீட்டில் நிதானமாகக் கழுவ வேண்டும். கருவி என்றால் நிலவியல் சுத்தி, இரண்டு மூன்று அளவில் உளி, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, பத்து மடங்கு காட்டும் லென்ஸ். மரவேலைச் சுத்தியல் வேண்டாம், அதன் எஃகு பாறையில் பட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

ஆனால் இந்தக் கருவிகளோடு கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறங்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் ஆக்சிஜன் குறைந்த காற்று அடியில் தங்கியிருக்கும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றக் குதித்தவரும் விழுவார். நம்ம ஊரில் கிணறு தூர்வாரும்போது நடக்கும் அதே சாவு. மேலே முட்டுக் கொடுத்த மரம் உளுத்திருக்கும். காலடியில் தரை என்று நினைப்பது பழைய பலகைமேல் படிந்த மண்ணாக இருக்கும், கீழே முப்பது அடிப் பள்ளம் இருக்கலாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பழைய சுரங்கத்துக்குள் போகும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வரைபடம், காற்றுமானி, கயிறு, கூட வரும் ஆட்கள், வெளியே காத்திருப்பவர் என்று அவர்கள் பின்னால் இருக்கும் ஏற்பாடு படத்தில் தெரியாது. நம்ம வெள்ளைக்கல் பகுதியில் இருப்பது பெரும்பாலும் திறந்த பள்ளங்கள், அவையும் லேசுப்பட்டவை அல்ல. மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும், ஓரம் செங்குத்தாக இருக்கும், பொலபொலவென்று சரியும். பார்க்கக் குளம் மாதிரி இருக்கும், இறங்கினால் ஏறக் கைப்பிடி இருக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சுரங்கக் குத்தகை நிலத்தில் அனுமதியில்லாமல் கல்லைப் பெயர்த்தால் 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் பாயும். சேர்வராயன் சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கிருந்து கல்லை எடுப்பது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இயங்குகிற குவாரியில் மேலாளரிடம் போய், என்ன படிக்கிறீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி, வேலை இல்லாத நேரத்தில் கழிவு மேட்டில் பார்க்க அனுமதி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நிறைய பேர் சம்மதிப்பார்கள், கூட ஒரு ஆளையும் அனுப்புவார்கள். கழிவு மேடுதான் ஆரம்பக்காரருக்கு உகந்த இடம். பாறை ஏற்கெனவே உடைந்து வெளிச்சத்தில் கிடக்கும். ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் போனால் தூசி கழுவப்பட்டு எது என்ன என்று சட்டென்று தெரியும்.

ஃப்ளோரைட்டைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கித்தான் தொடங்க வேண்டும். வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. உலகத்தின் பெரிய சேகரிப்புகள் பெரும்பாலும் வாங்கியும் மாற்றிக்கொண்டும் சேர்ந்தவைதான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

கடைகளில் எட்டு முகம் கொண்ட ஊதா, பச்சைக் கற்களை 'இயற்கைப் படிகம்' என்று விற்பார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு கட்டியை எடுத்து பிளவுத் திசைகளில் உடைத்து உண்டாக்கியவை. கல் உண்மையான ஃப்ளோரைட்தான், உருவம் மட்டும் மனிதர் கொடுத்தது. அம்பது, நூறு ரூபாய்க்கு வாங்கி, பிளவு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள அருமையான பொருள். படிகம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் வாங்காதீர்கள். இயற்கையாகவே எண்முகியாக வளர்ந்த ஃப்ளோரைட்டும் உண்டு. ஆல்ப்ஸ் மலையில் கிடைக்கும் இளஞ்சிவப்பு அப்படிப்பட்டது, அதன் விலையே வேறு. அதன் முகங்கள் சற்று மங்கலாக, வளர்ச்சித் தடங்களோடு இருக்கும். உடைத்துச் செய்ததில் முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஓரங்களில் செதில் செதிலாகப் படி தெரியும். இன்னொரு ஏமாற்று, உடைந்த மூலைகளைப் பாலிஷ் போட்டு மறைப்பதும், கழன்ற படிகத்தை வேறு தாய்ப்பாறையில் பசை வைத்து ஒட்டுவதும். புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், பசை பெரும்பாலும் வெண்ணீலமாகத் தனியாகத் தெரியும். 395 நானோமீட்டர் டார்ச் மலிவு, ஆனால் அதிலிருந்து ஊதா வெளிச்சமே அதிகம் வந்து கண்ணை ஏமாற்றும். 365 வாங்குங்கள். கண்ணில் படும்படி அடிக்காதீர்கள். ஒட்டியதோ பழுதுபார்த்ததோ தப்பில்லை, விற்பவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊதாக் கல் ஒன்றைக் கொண்டுவந்து இது ஃப்ளோரைட்டா, செவ்வந்திக்கல்லா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. கல்லைக் கீறவே வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டினால் சரி. முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, ஆனால் டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 159 கிராம் கல் தண்ணீரில் 50 என்று காட்டினால் விடை 3.18, அது ஃப்ளோரைட்டின் அடர்த்தி. அதே எடை 60 என்று காட்டினால் 2.65, அது குவார்ட்ஸ், அதாவது ஊதா நிறத்தில் செவ்வந்திக்கல். கால்சைட் 2.71 என்று குவார்ட்ஸுக்கு அருகிலேயே வரும், ஆனால் ஒரு துளி வினிகர் பட்டால் மெல்ல நுரைக்கும், குவார்ட்ஸ் நுரைக்காது. கல் சிறிதாக இருந்தால் எண்ணில் பிழை கூடும், அதனால் ஐம்பது கிராமுக்கு மேல் உள்ள கல்லில் செய்து பாருங்கள். தாய்ப்பாறையோடு சேர்ந்த கல்லுக்கு இது சரிப்படாது.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீர், மெல்லிய பிரஷ், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, அவ்வளவே. வெந்நீர் வேண்டாம், ஃப்ரிட்ஜ் தண்ணீரும் வேண்டாம். வெப்பம் திடீரென்று மாறினால் ஃப்ளோரைட் பிளவுவழியே வெடிக்கும். சித்திரை மாதத்தில் காரின் டிக்கியில் வைத்துச் சேலம் வெயிலில் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது என்பதும் இதனால்தான். துரு படிந்த கறையைப் போக்க டாய்லெட் கழுவும் அமிலத்தை ஊற்றும் பழக்கம் நம்ம ஊரில் இருக்கிறது. அது முகங்களை அரித்து மங்கலாக்கிவிடும். கந்தக அமிலத்தை மட்டும் ஃப்ளோரைட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வரும், அது தோல்வழியே புகுந்து உயிரையே எடுக்கக்கூடியது. அப்புறம் சில நிறங்கள் வெயிலில் வெளுத்துப் போகும், அதனால் ஜன்னல் ஓர அலமாரி வேண்டாம்.

படிகத்தைக் குடிநீரில் போட்டு வைத்தால் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. ஃப்ளோரைட்டை அப்படிப் போடவே கூடாது. அது தண்ணீரில் கொஞ்சம் கரையும் கல். கரையக்கூடிய அளவுக்கு முழுக்கக் கரைந்தால் ஒரு லிட்டரில் 7 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு சேரும். குடிநீருக்கு அனுமதித்த உச்ச அளவே 1.5தான். தருமபுரிக்காரர்கள் எந்தத் தண்ணீரை விட்டு வெளியே வரப் பாடுபட்டார்களோ, அதையே வீட்டில் தயாரிப்பது போலாகும். கையில் எடுத்துப் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

கையால் எடுத்துச் சேர்க்கும் ஆசைக்கு, சேலத்தைச் சுற்றி இருப்பதே போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கிறது. வெள்ளைக்கல் மேட்டில் காலிஃப்ளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும் மேக்னசைட் கட்டிகள் தனி அழகு. உடைந்த முகத்தைவிட அந்த வெளித்தோல் அப்படியே இருப்பதைத் தேடுங்கள். கஞ்சமலையில் காந்தம் ஒட்டும் வரிவரியான இரும்புக்கல். அந்த மாதிரிச் சேலத்து இரும்புத்தாதை நம்பித்தான் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்னும் வெள்ளைப் பாறைக்குள் இளஞ்சிவப்புக் குருந்தக்கல் அறுகோணமாகத் துருத்தி நிற்கும். அந்தப் பாறை நிலாவின் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான் 2 தரையிறங்கும் சோதனைக்குச் செயற்கை நிலா மண் செய்ய அதைத்தான் பொடித்தார்கள். சங்ககிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் வரும். இவை ஒவ்வொன்றையும் அனுமதியோடு எடுத்து, ஊர், குவாரி, தேதி எழுதிச் சீட்டுப் போட்டுப் பழகுங்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மாற்றிக்கொள்ள விரும்புவது இப்படிச் சீட்டோடு இருக்கும் உள்ளூர்க் கல்லைத்தான். சித்தம்பூண்டிக் குருந்தக்கல் ஒன்றைக் கொடுத்து ஒரு சின்ன ரோஜர்லி ஃப்ளோரைட்டை வாங்குவது நடக்கக்கூடிய காரியமே.

முதல் வேலையாகக் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, கனிம மாதிரிகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நாசிக் பக்கம் போக நேர்ந்தால் சின்னரில் இருக்கும் கார்கோட்டி மியூசியத்தை விடாதீர்கள், மேற்கிந்தியக் கனிமங்களுக்கு அதுபோல் வேறு இடம் இல்லை. முதலில் வாங்கும் ஃப்ளோரைட் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் நகம் அளவு கனசதுரம், எட்டு மூலையில் கண்ணுக்குத் தெரிகிற நான்காவது முழுதாக, கொஞ்சம் தாய்ப்பாறை ஒட்டிக்கொண்டு, சுரங்கத்தின் பெயர் எழுதிய சீட்டோடு இருந்தால் போதும். கையளவு பெரிய, ஊர் தெரியாத, பாலிஷ் போட்ட கட்டியின் விலைக்குள் அது கிடைத்துவிடும்.